அப்பா ரத்து செய்த அணு

நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி தன் மகள் செய்த அணு மாதிரியைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். நடுவில் ஒரு தெர்மாகோல் பந்து, அதைச் சுற்றி மூன்று கம்பி வளையம், வளையங்களில் கோத்த பாசிமணிகள். கீழே ஒரு கேள்வி: "பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் இது தப்புன்னு சொல்றான், தூக்கிப் போட்டுட்டு வேற செய்யணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா." உங்களில் ஏழெட்டுப் பேர் கைதட்டும் பொம்மையை அனுப்பினீர்கள். ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார். நான் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளமாகப் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் நாற்பது தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடியும் வந்துவிட்டது. இனிமேல் நீளமாகப் பேச நமக்கு உரிமை உண்டு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கிப் போடாதே, அம்மா. ஏன் என்று சொல்வதற்குத்தான் எங்கள் அப்பாவை அழைத்துவர வேண்டியிருக்கிறது.

அப்பாவை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஹைவேயிலிருந்து நம் ஊருக்குத் திரும்பும் இடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாம்பல் நிறச் சீருடையில் நிற்பாரே, அவர்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இரும்புத் துண்டுகளில் துளை போடும் மெஷினில் இருந்தார். விவசாயக் கூலியாக இருந்தவர் கம்பெனி வந்ததும் சீருடைக்குள் போனவர். அந்த வேலையைக் கோயில் மாதிரி நினைத்தார். சீருடையை அம்மாவிடம்கூடத் தர மாட்டார், தானே துவைத்துத் தானே தேய்ப்பார்.

அந்த அப்பாவுக்கு நான் பத்தாவது படித்த வருஷம், தீபாவளி கழிந்த சமயத்தில், ஒரு மெமோ வந்தது.

நடந்தது இதுதான். கம்பெனியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதை அங்கே ட்ராயிங் என்பார்கள். ட்ராயிங்கின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஏ, பி, சி என்று ஏதாவது ஓர் எழுத்து. அளவு மாறினால் எழுத்தும் மாறும். அதற்கு ரிவிஷன் என்று பேர். சி வந்துவிட்டால் பி-யின் மேல் சிவப்பில் ரத்து என்று முத்திரை குத்தி எடுத்துப்போய்விட வேண்டும். அந்த முறை யாரும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் பி அப்படியே மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்து ஒரு ஷிஃப்ட் முழுக்கத் துளை போட்டார். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போய் ஆடை கட்டியது. "பழைய ட்ராயிங்குமா. பழசு. நான் மூலையைப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் மெமோ.

மறுநாள் ஒரு சிவப்புப் பேனா வாங்கிவந்தார். அங்கே ஆரம்பித்தது எங்கள் வீட்டுக்குச் சனி. போன வருஷக் காலண்டரில் லட்சுமி முகத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் குறுக்குக்கோடு. காலாவதியான மாத்திரை அட்டைக்குக் கோடு. அலமாரியில் கிடந்த கல்யாணப் பத்திரிகைக்குக்கூட, கல்யாணம் முடிந்துவிட்டது என்பதால், கோடு. எல்லாவற்றிலும் தேதி போட்டுச் சின்னதாகக் கையெழுத்து வேறு.

"எனுக்கும் ஒரு கோடு போட்டுடுங்க. கல்யாணமாயி பதினேழு வருஷம் ஆவுது, பழைய ரிவிஷன்தானே" என்றாள் அம்மா.

"உனுக்குப் புதுசு இன்னும் வரலையே" என்றார் அப்பா. சிரிக்காமல்தான் சொன்னார்.

நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. நான் இன்று ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பழைய வரைபடத்தைத் திரும்ப எடுப்பது மெஷினில் நிற்பவர் வேலையே இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கென்று ஆள் உண்டு. யாரோ மறந்ததற்கு வந்த மெமோவில் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு அது தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பயந்துபோன மனிதரைப் பார்த்து நாங்கள் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் எனக்கு ஓர் ஆசை இருந்தது. பத்தாவது முடித்து ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு புத்தகம் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறதே என்று அணுப் பாடத்தைப் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும், அவ்வளவுதான். அப்பா வேறு முடிவு பண்ணி வைத்திருந்தார். பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ., அப்புறம் அவர் கம்பெனியிலேயே ஒரு வேலை. "ரெண்டு வருஷத்துல நீயும் கம்பெனி பஸ் ஏறிடுவ கண்ணு" என்று தலையைத் தடவிச் சொல்வார். அவ்வளவு பிரியமாகச் சொல்கிறவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சயின்ஸ் டீச்சரிடம் போய் அழுதேன். "அரைப்பரீட்சையில சயின்ஸ்ல எண்பது எடுத்துக் காட்டு, உங்க அப்பாகிட்ட நானே பேசறேன்" என்றார் டீச்சர். அந்த எண்பதுதான் என் வழி.

இப்போது ரூம் அக்கா. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு அறை கட்டி அம்மா வாடகைக்கு விட்டிருந்தாள். வண்டிகளுக்கு ஒயர் பின்னும் கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று தெற்கத்திப் பெண்கள் அதில் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு தடிமனான நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். திருநெல்வேலிப் பக்கம். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து ஒரே ஒரு பேப்பர் அரியர். ஏப்ரலில் எழுத வேண்டும். அவளைத்தான் நான் அக்கா என்பேன். அவள் எங்கள் அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். நம் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். முதல் நாள் அப்பா திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அரைப்பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வாசல் குழாயடியில் அக்கா டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து கத்திப் படித்துக்கொண்டிருந்தேன்: "எலக்ட்ரான்கள் அணுக்கருவைக் குறிப்பிட்ட வட்டப்பாதைகளில் சுற்றி வருகின்றன. எலக்ட்ரான்கள் அணுக்கருவைக் குறிப்பிட்ட…"

"ஏட்டி, அது பழைய மாடலுட்டி" என்றாள் அக்கா. "காலேஜில மொத நாளே இந்தப் படத்தைப் போட்டு, இப்படியெல்லாம் சுத்தாதுன்னுதான் ஆரம்பிச்சாவ."

உள்ளே ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு வெளியே வந்தார்.

"இன்னாம்மா சொன்ன? பழசா?"

"ஆமா அண்ணாச்சி."

"இப்போ எத்தினியாவது ரிவிஷன் ஓடுது?"

அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஈர விரலை மடக்கி எண்ணினாள். முதலில் ஒருத்தர் அணு என்பது கெட்டியான குண்டு என்றார். அடுத்தவர், இல்லை, அது தர்பூசணி மாதிரி, சிவப்புச் சதைக்குள் விதைகளாக எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார். மூன்றாமவர் நடுவில் கொஞ்சூண்டு கரு, மற்றதெல்லாம் வெற்றிடம் என்று கண்டுபிடித்தார். நான்காமவர் கருவைச் சுற்றி வட்டம் போட்டார். "அதுதான் இவ புத்தகத்துல இருக்கது. அதுக்குப் பொறவு வட்டமே கிடையாது. எலக்ட்ரான் எங்கன இருக்குன்னு சொல்ல முடியாது, எங்கன இருக்க வாய்ப்பு கூடன்னுதான் சொல்ல முடியும். மேகம் மாரி வரைவாவ."

"இருக்கலாம்னு ட்ராயிங் போட்டா மெஷின்காரன் இன்னா பண்ணுவான்?" என்றார் அப்பா. பிறகு அவரும் விரல் விட்டு எண்ணினார். "ஏ, பி, சி, டி, ஈ. ஈ வந்தாச்சு. அப்பறம் டி எதுக்கு இன்னும் லைன்ல கீது?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கினார். வட்டப்பாதைப் படத்தின் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டு, ரத்து என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இத்த இனிமே எழுதாத கண்ணு. பழச வெச்சி எழுதிட்டா அப்பறம் யாரு குடுத்தாங்க, எவரு எடுக்கலன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். மெமோ உன் பேர்லதான் வரும்."

அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் கவனித்தேன். அக்கா சிரிப்பை நிறுத்தினாள். பஸ் ஹாரன் அடித்தது, அப்பா ஓடினார்.

பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக அதுவே வந்தது. சோடியம் அணுவின் அமைப்பைப் படம் வரைந்து விளக்குக. எனக்கு வட்டம் போடத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு, எட்டு, ஒன்று என்று எலக்ட்ரானை அடுக்கிவிடுவேன். ஆனால் பென்சிலை எடுத்ததும் அந்தச் சிவப்புக் கோடும் அப்பாவின் குரலும்தான் முன்னால் வந்தன. பென்சிலால் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். சுற்றிலும் தீற்றி, விரலால் நன்றாகத் தேய்த்து ஒரு புகை மூட்டம் பண்ணினேன். கீழே எழுதினேன்: "வட்டப்பாதை மாதிரி ரத்து செய்யப்பட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது."

டீச்சர் அந்தத் தாளை வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்தில் அவர் சிவப்பில் எழுதியிருந்ததையும் வாசித்தார்: "அப்படியானால் மதிப்பெண்ணும் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது." நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பரவாயில்லை, நல்ல பகடிதான், இன்று நானும் சிரிக்கிறேன். அன்று தாளை வாங்கிப் பார்த்தேன். எழுபத்தாறு. அந்த ஐந்து இருந்திருந்தால் எண்பத்தொன்று.

மறுநாள் அப்பா லீவு போட்டுச் சீருடையிலேயே பள்ளிக்கு வந்தார். டீச்சர் முன்னால் கை கட்டி நின்று, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்ககிட்ட கீறது பழைய ட்ராயிங்கு. இத்த வெச்சிகினு ஓட்டினா எங்க கம்பெனில மெமோ குடுத்துடுவாங்க."

ஒரு பயந்த மனிதர் இன்னொருவரைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்? மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"நான் பதினெட்டு வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன். கவர்ன்மென்ட் புஸ்தகம் இது. மெமோ கொடுக்கறதுன்னா அங்க போய்க் கொடுங்க." டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "உங்க புது மாடல் அவ்ளோ உசத்தின்னா அதை வெச்சு உப்பு எப்படி உண்டாகுதுன்னு போட்டுக் காட்டுங்க. சோடியமும் குளோரினும் சேர்ந்து சாதாரணச் சாப்பாட்டு உப்பு. பப்ளிக்ல அதுதான் வரும். காட்டிட்டீங்கன்னா இவளுக்கு அந்த அஞ்சு மார்க்கையும் நானே போடறேன்."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கம்பெனியிலும் அப்படித்தான், சும்மா பேசினால் போதாது, மெஷினில் ஒரு துண்டைப் போட்டுப் பீஸ் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "ஈ ரிவிஷன்ல உப்பு போட்டுக் காட்டும்மா."

அக்கா தன் தடிமன் நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் கணக்கு. எழுத்தும் கொக்கியும் கொம்புமாக ஒரு பக்கத்தின் கணக்கு அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. பத்து நிமிஷம் முயன்றாள். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வரமாட்டுக்கு அண்ணாச்சி" என்றாள். "இந்தப் பேப்பர்லதான் எனக்கு அரியரே."

அம்மா வாசலில் முறத்தில் கொண்டைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தான் சொல்றது, ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு" என்றாள். எனக்கு அழுகை முட்டியது. அக்காவின் கண்ணும் கலங்கியிருந்தது. தன்னால்தான் எனக்கு மதிப்பெண் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டென்று அவள் எழுந்தாள். மார்கழி மாதம், வாசலில் கோலமாவு டப்பா இருந்தது. மாவை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் இழுத்தாள். பக்கத்திலேயே இன்னொரு மூன்று வட்டம்.

"அக்கா, ஒரு கை கடலை தாங்க" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"எண்ணித் திருப்பிக் குடுக்கணும், ராத்திரி கொழம்புக்கு" என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தாள்.

அக்கா முதல் வட்டத்தொகுதியில் கடலையை வைத்தாள். உள்ளே இரண்டு, நடுவில் எட்டு, வெளியே ஒன்று. இது சோடியம். அடுத்ததில் இரண்டு, எட்டு, ஏழு. இது குளோரின். "இவனுக்குக் கடைசி வட்டத்துல ஒன்னே ஒன்னு, ஒட்டாமக் கிடக்கு. அவனுக்கு எட்டு நிறைய ஒன்னு கொறையுது. இவன் அவனுக்குக் குடுத்திருதான்." ஒற்றைக் கடலையை விரலால் தள்ளிக் குளோரின் பக்கம் வைத்தாள். "குடுத்தவன் ப்ளஸ், வாங்கினவன் மைனஸ். ரெண்டும் ஒட்டிக்கிடும். உப்பு."

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இது டி ரிவிஷன்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"ரத்தானதுல பீஸ் ஓடுதே."

"ஓடுதுல்லா. ஆனா எல்லாத்துக்கும் ஓடாது. ஹைட்ரஜன்ல ஒரே ஒரு எலக்ட்ரான், அதுல இருந்து வார வெளிச்சத்துக்கு இந்த வட்டத்தை வெச்சுப் போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். ரெண்டு எலக்ட்ரான் ஆச்சோ, கணக்கு இடிச்சிரும். அதுக்குத்தான் இந்தத் தடி நோட்டு."

"அளவாவது சரியா? இந்த வட்டம், நடுவுல கரு?"

"அதுவும் தப்புதான். கரு இந்தக் கடலை சைஸுன்னா, கடைசி வட்டம் ஹைவேக்கு அந்தப் பக்கம் போயிரும்."

"அளவு தப்பு."

"தப்பு."

"சுத்தற வழியும் தப்பு."

"தப்பு."

"ஆனா உப்பு வருது."

"வருதே, அண்ணாச்சி."

அப்பா வெகுநேரம் அந்தக் கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. ஒத்துக்கினு எழுந்திரிங்க" என்று சொல்லி, சோடியத்தையும் குளோரினையும் வழித்து முறத்தில் போட்டுக்கொண்டு போனாள். அன்று ராத்திரி அந்த இரண்டு அணுவையும் நாங்கள்தான் சாப்பிட்டோம்.

ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? பழசு ஓடினாலும் பழசுதான், அன்றைக்கு நான் போட்ட துளைகூட மெஷினில் நன்றாகத்தானே ஓடியது என்று முணுமுணுத்தார். அது நல்ல கேள்வி. அன்று எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குப் பயம் கவ்வியது. அவர் இறங்கிவந்து டீச்சரோடு ராசியாகாவிட்டால் டீச்சர் வந்து பேசப்போவதில்லை, ஐ.டி.ஐ. தான்.

பதிலை அவரே கொண்டுவந்தார், இரண்டு நாள் கழித்து. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்காமல் கிட்டத்தட்ட ஓடிவந்தார். வரும்போதே ரூம் அக்காவைக் கூப்பிட்டார்.

"ட்ராயிங் வெக்கிற ரூம்ல கேட்டேன்மா. ரத்தான ட்ராயிங்க இன்னா பண்றீங்க, கொளுத்திடுவீங்களான்னு. அந்தப் பெரியவரு சிரிக்கிறாரு. ஒரு பீரோ தெறந்து காட்டினாரு. அத்தினியும் பழசு. பத்திரமா கீது. ஏன்னு கேட்டா, பழைய வண்டி இன்னும் ரோட்ல ஓடுதே, அதுக்கு ஸ்பேர் எத்த பாத்துச் செய்யறதுன்றாரு. மேல ஒரு சீட்டு ஒட்டி கீது, எந்த வண்டிக்கு ஓடும்னு. சீட்டு இல்லாம வெளிய வந்தாதான் தப்பு."

"அதேதான் அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"இரு, இன்னும் கீது." படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "பஸ்ல வரும்போது யோசிச்சிகினே வந்தேன். எங்குளுது படம் மொதல்ல, பீஸ் அப்பறம். பீஸ்தான் படத்துக்கு அடங்கணும், இல்லன்னா ரிஜெக்ட். இந்த அணுக்காரங்குளுது அப்படி இல்ல. பீஸ் மொதல்லயே கீது. உலகம் உண்டான நாள்லேர்ந்து அது பாட்டுக்கு கீது. யாரும் கண்ணால பாத்ததில்ல. வெளிச்சம் வுட்டுப் பாத்து, மோதிப் பாத்து, இப்படி இருக்கும்போலன்னு படம் போடுறாங்க. அங்க பீஸ் ரிஜெக்டே ஆவாது. எப்பவும் படந்தான் ரீவொர்க்குக்குப் போவும்."

அக்கா அவரையே பார்த்தாள். "மூணு வருஷம் படிச்சேன் அண்ணாச்சி. இதை ஒருத்தரும் எனக்கு இப்படிச் சொல்லல" என்றாள்.

அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "படம் தப்புன்னு தெரிஞ்சா அங்க யாருக்கும் மெமோ இல்ல போல கீதே" என்றார்.

"மெமோவா? பரிசுல்லா குடுப்பாவ."

அப்பா சிரித்தார். தீபாவளிக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். என் புத்தகத்தை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே நீல மையில் ஒரு வரி எழுதினார்: "உப்புக்கு ஓடும். மற்றதுக்கு டீச்சரைக் கேட்கவும்." அதற்கும் தேதி, கையெழுத்து.

அந்தப் புத்தகத்தை மறுநாள் டீச்சரிடம் அவரே காட்டினார். "உப்ப நாங்க போட்டோம் டீச்சர். ஆனா புது மாடல்ல வரல, பழசுலதான் வந்துது. தப்பு என்னுது. புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க." டீச்சர் அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "எனக்கும் காலேஜ்ல அந்தப் பேப்பர் வெறும் பாஸ்தாங்க" என்றார் மெல்லிய குரலில். "பசங்க யாராவது இதைக் கேட்டுடுவாங்களோன்னு பதினெட்டு வருஷமா பயந்துக்கிட்டுதான் நடத்தறேன். கேட்டது உங்க பொண்ணு ஒருத்திதான்."

அடுத்த வாரம் அவர் கரும்பலகையில் ஐந்து படங்களையும் வரிசையாக வரைந்தாரே, ஞாபகம் வருகிறதா? ஒவ்வொன்றின் கீழேயும் இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இரண்டு வரி. ஐந்தாவதன் கீழே எழுதும்போது, "இதோட எல்லை எனக்குச் சரியா தெரியாது, தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்" என்றார். நம்மிடம் ஒரு டீச்சர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. வழக்கப்படி அடுத்த வருஷப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். அக்காவும் ஏப்ரலில் பரீட்சை எழுத ஊருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பாஸ் என்று ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. நான் இன்று சோறு தின்பது அவள் ஒரு சாயங்காலம் "எனக்கு வரமாட்டுக்கு" என்று ஒத்துக்கொண்டதால்தான். நேரில் பார்த்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

பப்ளிக் பரீட்சையில் உப்பு வந்தது. வட்டம் போட்டேன், கடலை வைக்காத குறையாக எலக்ட்ரானை அடுக்கினேன். அடியில் "இது ஒரு மாதிரி, அணு இப்படியே இருக்கும் என்று பொருள் இல்லை" என்றும் ஒரு வரி சேர்த்தேன். சயின்ஸில் தொண்ணூற்று மூன்று. அரைப்பரீட்சையில் எண்பது வராவிட்டாலும் டீச்சர் சொன்ன சொல் தவறாமல் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாக்கலாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அலமாரியில் ஐ.டி.ஐ. விண்ணப்பம் பூர்த்திசெய்து தயாராக இருந்தது. கம்பெனியில் பேசியும் வைத்திருந்தார். எத்தனையோ வருஷமாக அவர் மனதுக்குள் நான் சாம்பல் நிறச் சீருடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மெமோ வாங்கியும் அந்தச் சீருடையை அவர் வெறுக்கவில்லை. மகளுக்கு அதைவிட நல்லதாக என்ன கொடுக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில், "கெளம்பு" என்றார். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறினோம். ஐ.டி.ஐ. விண்ணப்பம் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது வெளியே தெரிந்தது. வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. இறங்கியதும் அவர் பெண்கள் பள்ளிப் பக்கம் நடந்தார்.

தலைமையாசிரியை மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். அப்பாவின் சீருடையைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த விண்ணப்பத்தையும் பார்த்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். "ஐ.டி.ஐ. போடப்போறீங்க போலிருக்கே. உங்க கம்பெனியிலேயே வேலை கிடைச்சிடுமே. ஃபர்ஸ்ட் குரூப்னா ரொம்பக் கஷ்டம், அதுக்கு மேல காலேஜ் வேற. நல்லா யோசிச்சீங்களா? பொண்ணை என்னவாக்கணும்னு இருக்கீங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ இன்னான்னு நான் ஒண்ணு நெனச்சிகினு இருந்தேன் மேடம்" என்றார் அப்பா. "இவ அப்படி இல்ல. நான்தான் சரியா பாக்கல. இவளையே கேளுங்க."

தலைமையாசிரியை பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஃபர்ஸ்ட் குரூப் என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா சொல்லு கண்ணு" என்றார் அப்பா. "மேடம் எழுதணும் இல்ல."